ஆயில் குடிக்கும் பழைய கார்: ஊற்றுவதற்கு முன் அளந்து பார்த்தீர்களா?

‘வண்டி பழசாயிடுச்சு, ஆயில் குடிக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் ஊத்திக்கோங்க.’ 10, 15 வருடம் ஓடிய குடும்பக் கார் வைத்திருக்கும் பலருக்கும் பழகிப்போன வசனம் இது. கொஞ்ச நாளில் அதுவே, ‘இன்ஜினை இறக்கிடலாம் சார்’ என்று மாறும். எவ்வளவு ஆயில் குறைகிறது, எந்த வழியாகப் போகிறது என்று இடையில் பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்காமல் இன்ஜின் வேலைக்கு ஒத்துக்கொள்வது பணத்தைக் கரைப்பதில்தான் முடியும்.

சிட்டியில் மட்டும் ஓடும் காருக்கு என்ன ஆகிறது?

அசோக் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 அடி சாலையில் வடபழனிக்கும் கத்திப்பாராவுக்கும் நடுவே சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடும், ஓடோமீட்டர் நகராது. ஸ்கூல், கோயில், மார்க்கெட் என்று 2, 3 கி.மீ. மட்டும் போய்வரும் காரில், ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் சீக்கிரம் கெட்டு, பிஸ்டன் ரிங் இடுக்கில் கரி படியும். ரிங் சரியாக வழிக்காவிட்டால் ஆயில் மேலேறி எரியும்.

அதனால் ‘இன்னும் 10,000 கி.மீ. ஓடலையே’ என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது தப்புக் கணக்கு. கார் கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

எப்படி அளப்பது?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல்கோடு வரை ஆயிலை நிரப்பி, ஓடோமீட்டரை போனில் படமெடுத்து வையுங்கள். 1,000 கி.மீ. கழித்து மறுபடி மேல்கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறதோ அதுதான் உங்கள் காரின் கணக்கு. இடையில் வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம். கீழ்க்கோட்டை நெருங்கினால் அளவைக் குறித்துக்கொண்டு உடனே ஊற்றிவிடுங்கள்.

1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அதனால் ஒரு தடவை அளந்தால் போதாது. அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் செய்கின்றன. அமெரிக்காவில் 2007-2009 மாடல் கேம்ரி உள்ளிட்ட கார்களின் 2.4 லிட்டர் இன்ஜின் அதிக ஆயில் குடிக்கிறது என்று புகார்கள் வந்தன. டொயோட்டா ஆயிலை நிரப்பிக் கொடுத்து, சுமார் 1,900 கி.மீ. ஓடவிட்டு அளந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் குறைந்த கார்களுக்குத்தான் பிஸ்டன், ரிங் வேலை செய்து கொடுத்தது.

எந்த வழியாகப் போகிறது?

• கார் நிற்கும் இடத்தில் கறை: ஆயில் ஒழுகுகிறது. கேஸ்கெட், ஆயில் சீல், ஃபில்டர், டிரெயின் போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• காலையில் முதல் ஸ்டார்ட்டிலோ, நீண்ட சிக்னலுக்குப் பிறகு கிளம்பும்போதோ மட்டும் நீலப் புகை: வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பல கார்களில் ஹெட்டைக் கழற்றாமலே இதை மாற்றலாம்.

• ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை: ரிங் மேல் சந்தேகம். கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் சந்தேகம் உறுதியாகும்.

• இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். சின்ன பாகம்தான், முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

குறுக்கு வழி வேண்டாம்

கெட்டியான ஆயில் ஊற்றினால் புகை கொஞ்ச நாள் அடங்கலாம், ஆனால் தேய்ந்த சீல் புதிதாகாது. கையேடு சொல்லும் கிரேடுதான் சரி. ‘எப்படியும் குறையப்போகுது’ என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் நுரைத்து, பிரீதர் வழியாக ஏறி, இன்னும் அதிகம் எரியும்.

‘ஆயில் லைட் எரியலையே’ என்பதும் ஆறுதல் இல்லை. பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை இல்லை. அது எரியும்போது இன்ஜினுக்குள் சேதம் தொடங்கியிருக்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழையும் நம்பி இருக்க முடியாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை முக்கியமாக ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. சிக்னல் விழுந்து கிளம்பும்போது மட்டும் வரும் நீலப் புகை அதில் சிக்காமல் போகலாம். பின்னால் பைக்கில் வருபவர் அதைத்தான் சுவாசிக்கிறார். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மெல்லக் கெடுக்கும்.

15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. அதைக் கட்டி இன்னும் 5 ஆண்டு ஓட்டலாமா, விற்றுவிடலாமா என்று வீட்டில் பேசும்போது, 1,000 கி.மீ. கணக்கு கையில் இருக்கட்டும். அந்த எண் இல்லாமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று யார் சொன்னாலும், ‘கம்ப்ரஷன் எவ்வளவு காட்டுது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.