வரி ரசீதில் 'நிலம்' என்று இருக்கிறதா? எல்லையில் வீடு கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் இடம் வாங்கும் தமிழர்களைத் தடுமாற வைப்பது ஒரே ஒரு சொல்: 'நிலம்'. நமக்கு அது எந்த மண்ணுக்கும் பொதுப்பெயர். கேரள வருவாய்ப் பதிவேட்டிலோ அது நெல்வயல், அதாவது நம்ம ஊர் நஞ்சை. வீட்டுமனைக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். தென்னையும் ரப்பரும் நிற்கும் மேட்டு இடமாகவே இருந்தாலும், பழைய பதிவில் 'நிலம்' என்று இருந்தால் வீட்டு அனுமதி சிக்கலாகும்.

ஏன் இப்படி?

1956-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அதனால் இங்கே செல்லுபடியாவது கேரளத்தின் 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். அது அமலுக்கு வந்த 2008 ஆகஸ்ட் 12-ல் அந்த இடம் வயலாக இருந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி.

யாரிடம் விண்ணப்பிக்கணும்?

கட்டட அனுமதி தருவது நகராட்சியோ ஊராட்சியோதான். ஆனால் தரம் மாற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம். விண்ணப்பம் ஆன்லைனில்.

- 'டேட்டா பேங்க்' எனும் வயல் பட்டியலில் தவறாகச் சேர்ந்திருந்தால்: முதலில் படிவம் 5. வேளாண் அலுவலர் அறிக்கையும் பழைய செயற்கைக்கோள் படமும் இங்கே கைகொடுக்கும்.
- பட்டியலில் இல்லை, பதிவில் மட்டும் 'நிலம்' என்றால்: 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. 50 சென்டைத் தாண்டினால் 10% இடத்தை நீர் சேமிப்புக்கு விடணும்.

செலவு?

2017 டிசம்பர் 30-ல் 25 சென்டுக்குள் இருந்த இடத்துக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் அரசு நிர்ணயித்த நில மதிப்பில் 10%, ஒரு ஏக்கருக்கு மேல் 20%. பெரிய இடத்தை இப்போது துண்டு போட்டு வாங்கினால் சலுகை கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

உண்மையிலேயே வயல் என்றால்?

மாவட்டத்தில் வேறு இடம் இல்லாத உரிமையாளர், சொந்த வீட்டுக்கு மட்டும் கேட்கலாம்: ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அளவு மாறுவது இதனால்தான்.

அப்புறம், "எல்லாம் மாத்திக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால் அட்வான்ஸை எடுக்காதீங்க. முதலில் அடிப்படை வரிப் பதிவேட்டையும் டேட்டா பேங்கையும் பாருங்க. சந்தேகமிருந்தால், தரம் மாற்றிய உத்தரவோடு வரச் சொல்லுங்க.