கத்துறவங்களுக்கு முதல் டோக்கன் கிடையாது!

மைக்ரோப்ராசசர் பேப்பர் எழுதின மக்கா எல்லாருக்கும் 8085-ஐ ஞாபகம் இருக்கும். ஒரே நேரத்துல அஞ்சு பேர் கதவைத் தட்டினா யாரை முதல்ல உள்ளே விடணும்னு அந்த சிப்புக்குள்ள ஒரு வரிசை உண்டு. ட்ராப்தான் ராஜா. அப்புறம் ஆர்.எஸ்.டி. 7.5, 6.5, 5.5. கடைசியில பாவம், இன்டர். ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு கேன்டீனுக்குப் போயிடுவோம்.

அதே வேலையை ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, ரெண்டு கண்ணையும் ரெண்டு காதையும் மட்டும் வெச்சுக்கிட்டு செய்யறவங்கதான் நர்ஸ்கள். இதுக்குப் பேர் 'ட்ரையாஜ்'. தரம் பிரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தை. நெப்போலியன் படையில டாக்டரா இருந்த லாரே, 'பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார்' என்பதை வழக்கமாக்கினார். தளபதிக்குச் சிராய்ப்பு, சிப்பாய்க்கு வயித்துல காயம்னா சிப்பாய்தான் முதல்ல. நம்ம ஊர்ல கவுன்சிலர் சிபாரிசோட வர்றவங்க இதைக் கொஞ்சம் படிக்கலாம்!

தூத்துக்குடிக்கு வருவோம். 2024 ஜூலையில், புதூர் பாண்டியாபுரம் பக்கத்துல ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில அமோனியா கசிஞ்சது. குளிரூட்டும் பிளான்ட்ல ஓடுற அதே அமோனியாதான். இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறலோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டாங்க. வெளிமாநிலத்துலேர்ந்து பிழைக்க வந்தவங்களும் அதுல உண்டு.

இப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கும்போது வாசல்ல நிக்கிற நர்ஸ் நீங்கதான்னு வெச்சுக்கோங்க. ஒருத்தி 'எரியுது எரியுது'ன்னு அலறுறா. ஒருத்தி விடாம இருமுறா. மூலையில ஒருத்தி சத்தமில்லாம உட்கார்ந்திருக்கா. பேச முயற்சி பண்ணினா குரல் கரகரன்னு வருது. யாரை முதல்ல பார்ப்பீங்க?

மூலையில இருக்கிறவளை. அலறுறவளுக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கு, அதனாலதான் அலற முடியுது. அமோனியா ஈரத்தைத் தேடிப் போற வாயு. தொண்டையில இருக்கிற தண்ணியோட சேர்ந்து காரமா மாறி அரிக்கும். குரல் மாறுதுன்னா உள்ளே வீங்க ஆரம்பிச்சிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்துல குழாய் போட வழியே இல்லாமப் போயிடலாம். முதல்ல மூச்சு வழி, அப்புறம் மூச்சு, அப்புறம் ரத்த ஓட்டம். இந்த வரிசை நர்சிங் முதல் வருஷத்துலயே வந்துடும். ஆனா இருபது பேர் நடுவுல அதை நினைவு வெச்சுக்கிறது செமஸ்டர் எக்ஸாம் மாதிரி இல்லை பாஸ்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்துல இதுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு நிறம் வெச்சிருக்காங்க. சிவப்புன்னா உடனே. மஞ்சள்னா கொஞ்சம் தாங்கும். பச்சைன்னா காத்திருக்கலாம். பெரிய விபத்துகளுக்கு 1980-களில் கலிஃபோர்னியாவுல உருவாக்கின 'ஸ்டார்ட்' முறை இன்னும் சிம்பிள். நடந்து வர்றவங்க பச்சை. மீதிப் பேர்ல நிமிஷத்துக்கு 30-க்கு மேல மூச்சு வாங்கினாலோ, நகத்தை அமுக்கி விட்டதும் 2 செகண்டுக்குள்ள ரத்தம் திரும்பலைன்னாலோ, 'கையைத் தூக்கு'ன்னா புரியலைன்னாலோ சிவப்பு.

நம்ம கடலோரத்துல இந்த 'நடந்து வந்தா பச்சை' எல்லா நேரமும் செல்லாது. 1961-க்கு அப்புறம் இங்கே முத்துக்குளிப்பு நின்னு போச்சு. ஆனா சங்கு குளிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. அந்தக் காலத்துல மூச்சை அடக்கி முங்கினாங்க. மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவாங்கன்னு சொல்வாங்க. இப்போ பலர் கம்ப்ரசர் காத்தைக் குழாய்ல சுவாசிச்சுக்கிட்டே முங்குறாங்க. ஆழத்துல நைட்ரஜன் ரத்தத்துல கரையும். சடார்னு மேலே வந்தா, சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழ் கிளம்பும். அப்படி ஒருத்தர் நடந்தே வந்து 'மூட்டு வலிக்குது சிஸ்டர், கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு'ன்னு சொன்னா? பார்க்க பச்சை. ஆனா குமிழ் தண்டுவடத்தைப் பிடிச்சிருந்தா, சாயங்காலத்துக்குள்ள அந்தக் கால் போயிடலாம். அவருக்கு உடனே முழு ஆக்சிஜன் வேணும், அப்புறம் அழுத்த அறை. 'எத்தனை மணிக்கு மேலே வந்தீங்க?'ன்னு நர்ஸ் கேக்குற ஒரு கேள்விதான் அவரை வரிசையில முன்னாடி கொண்டு வருது.

8085-ல வரிசை கல்வெட்டு மாதிரி. வார்டுல அப்படி இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துல 'ஏஜிங்'னு வருமே, காத்திருக்கிறவனோட முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறது, அதுக்கு இது பரவாயில்லாத சொந்தம். ஆனா நர்ஸ் ஏத்துறது நேரத்தைப் பார்த்து இல்லை; திரும்பத் திரும்ப ஆளைப் பார்த்து. அமோனியா பட்ட நுரையீரல்ல மணிக்கணக்கு கழிச்சுக்கூட நீர் கோக்கலாம். காலையில பச்சை, மத்தியானம் சிவப்பு.

சில நேரம் வரிசையே தலைகீழாகும். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை கொட்டினப்போ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளயும் வெள்ளம் வந்தது. ஒரு வார்டை அவசரமா காலி பண்ணணும், நேரமே இல்லைன்னா, நடக்க முடிஞ்சவங்களை முதல்ல அனுப்பணும்கிறது பொதுவான பாடம். ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்குற நேரத்துல பத்துப் பேர் வெளியே போயிடலாம். கேக்க கொடூரமா இருக்கு. கணக்கு அப்படித்தான் சொல்லுது.

இவ்வளவையும் யோசிக்க எத்தனை பேர் இருக்காங்க? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டுல 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரியில 5 பேருக்கு ஒருத்தர். அடுத்த தடவை ஃப்ரெண்டுக்குத் துணையா ராத்திரி தங்கும்போது கட்டிலையும் எண்ணுங்க, நர்ஸையும் எண்ணுங்க.

கேஷுவாலிட்டிக்குப் போனா 'நாங்க அப்பவே வந்தோம்'னு சண்டை போடறதுக்குப் பதிலா எப்போ ஆரம்பிச்சது, என்ன மாத்திரை சாப்பிட்டது, எதுக்கு அலர்ஜின்னு மூணையும் சொல்லுங்க. உட்கார்ந்திருக்கும்போது ஃப்ரெண்டோட குரல் மாறினாலோ, பேச்சு குழறினாலோ, ரொம்ப அமைதியாயிட்டாலோ, க்யூவைப் பார்க்காம எழுந்து போய் சிஸ்டர்கிட்ட சொல்லுங்க.