கவசத்துக்கு மேல் குடை
ஸ்காட்லாந்தின் 13ஆம் எக்ளின்டன் பிரபுவுக்கு அப்போது வயது 26. விக்டோரியாவின் முடிசூட்டு விழாவில் பழைய சடங்குகளைச் சிக்கனம் பார்த்து வெட்டிவிட்டார்களே என்று டோரி கட்சிக்காரர்களுக்கு ஆதங்கம். அந்த ஆதங்கத்தைத் தீர்க்க, 1839 ஆகஸ்டில் மனுஷன் தன் கோட்டை வளாகத்திலேயே இடைக்கால ஈட்டிப்போரை நடத்திக் காட்டினார். ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கு. கொட்டியது பாருங்கள் மழை! பார்வையாளர் மேடை ஒழுகியது. விழாவில் பங்கேற்ற பிரபு ஒருவரே குடை விரித்தாராம். பத்திரிகைகள் சும்மா விடுமா? பணக்காரக் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1849இல் டெர்பி பந்தயத்தை வென்ற ‘ஃபிளையிங் டச்மேன்’ இவருடைய குதிரை. பிரெஸ்ட்விக் கோல்ஃப் கிளப்பின் முதல் கேப்டன் இவர். இருமுறை அயர்லாந்தின் வைஸ்ராய். இத்தனைக்குப் பிறகும் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்த ஈரக் குடைதான். அநியாயம்.