பெயர்ப் பட்டியல் மட்டும் போதுமா?

ஏதாவது ஒரு நூலகத்தின் இணையத்தளத்தில் ஆய்விதழ்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அகர வரிசையில் இதழ்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு, அவ்வளவுதான். அறிவியல் செயல்திட்டத்துக்குத் தகவல் தேடும் மாணவர், உள்ளே என்ன இருக்கிறது என்றறிய ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். பத்தாவது பெயரிலேயே அலுத்துவிடும். குறை உங்களுடையதன்று, பட்டியலுடையது.

இதைச் சரிசெய்யத் தேவையான தகவல் இலவசமாகவே கிடைக்கிறது. அதுதான் என் ஆதங்கம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கிராஸ்ரெஃப் அமைப்பிடம் பதிப்பகங்கள் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், தேதி ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. நூலகப் பக்கத்தில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைச் சேர்த்தால், இதழின் பெயரைத் தொட்டதும் அது கிராஸ்ரெஃபைக் கேட்டு, புதிய கட்டுரைகளின் தலைப்புகளை அங்கேயே காட்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. பட்டியலையும் கேட்டால், அந்த இதழைக் காசில்லாமல் படிக்கலாமா என்பது தெரியும். உங்களுக்கு அதுதானே முதல் கேள்வி?

நிரல் இதழை எப்படி அடையாளம் காண்கிறது? பெயரை நம்ப முடியாது; ஒரே பெயரில் பல இதழ்கள் உண்டு. ஐ.எஸ்.எஸ்.என். எனும் எட்டிலக்க எண்தான் சாவி. ‘நேச்சர்’ அச்சிதழின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 82 வரும். 11ஆல் வகுத்தால் மீதி 5. அதை 11இலிருந்து கழித்தால் 6, அதாவது கடைசி இலக்கம்! தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினாலும் நிரல் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் ‘நேச்சர்’ இணையப் பதிப்புக்கு 1476-4687 என்று வேறோர் எண் உண்டு. நூலகப் பட்டியலில் ஒன்றும் தகவல் சேவையில் மற்றொன்றும் இருந்தால், “இல்லை” என்றே பதில் வரும். ஆகவே நிரல் எழுதுவதைவிடப் பட்டியலைச் சுத்தம் செய்வதே பெரிய வேலை என்பேன். நூலகரின் பொறுமை இல்லாமல் அது நடக்காது.

வெளிச் சேவை நின்றுபோனால் என்னாவது என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான பயம்தான். பதில் வராவிட்டால் பழைய பட்டியல் அப்படியே தெரியும்படி நிரலை எழுதிவிடலாம்.

கிராஸ்ரெஃபைக் கேட்கக் கடவுச்சொல்லும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பள்ளியில் பைத்தான் படிப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். நூலகரிடம் ஐந்து இதழ்களின் எண்களை மட்டும் வாங்கி, இந்தப் பள்ளி விடுமுறையில் முயன்று பாருங்கள்.