கொடி பிடித்த கை

சென்ற மாதம் சங்க நண்பர் ஒருவர் தம் மகன் கோல்ப் ஆடுவதைப் பார்க்க என்னை அழைத்துப் போனார். பையனுக்குப் பதினாறு வயது. குழிக்கு அருகில் வந்து பந்தை மெதுவாக உருட்டினான். குழியில் கொடிக்கம்பு அப்படியே நின்றது. "தம்பி, கொடியை எடுக்கலையா?" என்று கேட்டேன். "அது பழைய ரூல் அங்கிள்" என்றான்.

பழைய விதிதான். ஆனால் அந்தப் பழைய விதியில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நான் மூணாறுக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் ஹை ரேஞ்ச் கிளப்புக்கு ஒன்பது குழி கோல்ப் மைதானம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கிளப் அது. பள்ளி விடுமுறையில் மாமாவுடன் போய் மட்டைப் பை சுமந்திருக்கிறேன். 'கேடி வேலை' என்று சொன்னதும், கம்பத்திலிருந்து வந்திருந்த எங்கள் அப்பாயி பதறிவிட்டார். நம் பக்கத்தில் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள் அல்லவா! மாமா கற்றுக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. கொடித்துணி காற்றில் படபடக்காமல் கம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பந்து வரும் வழியில் நம் நிழல் விழக் கூடாது. பந்து புறப்பட்டதும் கம்பை உருவிவிட வேண்டும். எங்கள் மலையில் கொடி பிடிக்கிறவர் என்றாலே தொழிற்சங்கக்காரர்தான். நான் பிடித்தது வேறு கொடி.

கோல்ப் விதிகள் மாறுவது புதிதல்ல. 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதியவை 13 விதிகள்தான். 1952 முதல் ஸ்காட்லாந்து, அமெரிக்க அமைப்புகள் இரண்டும் சேர்ந்து உலகத்துக்கே ஒரே விதியாக வெளியிடுகின்றன. 2019 ஜனவரியில் வந்ததுதான் பெரிய மாற்றம். காணாமற்போன பந்தைத் தேட ஐந்து நிமிடம் இருந்தது, மூன்றாகக் குறைந்தது. தூரம் அளக்கும் கருவியைப் பொதுவாக அனுமதித்துவிட்டார்கள். முன்பு, குழியைச் சுற்றியுள்ள புல்தரையிலிருந்து உருட்டிய பந்து, யாரும் பிடிக்காமல் குழியில் நிற்கும் கொடிக்கம்பில் பட்டால் இரண்டு அடி தண்டனை. இப்போது தண்டனை இல்லை. ஆட்டம் சீக்கிரம் முடியட்டும், விதி எளிதாகட்டும் என்பதுதான் நோக்கம். குறை சொல்ல முடியாது.

ஆனால் பை சுமப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். பந்தைத் தேடுவது, தூரம் சொல்வது, கொடி பிடிப்பது. அவருடைய வேலை அறிவு முழுக்க இவற்றில்தான் இருந்தது. இப்போது தூரத்தைக் கருவி சொல்கிறது, கொடி தானாக நிற்கிறது, பையைத் தள்ளுவண்டி சுமக்கிறது. ஆட்டக்காரர் குறிபார்த்து நிற்கும்போது அவருக்குப் பின்னால் நேர்கோட்டில் கேடி நிற்கக் கூடாது என்றும் அதே ஆண்டில் விதி வந்தது. அந்த ஜனவரியிலேயே துபாய்ப் போட்டியில் சீன வீரர் லீ ஹாவ்தொங்குக்கு இதனால் இரண்டு அடி தண்டனை கிடைத்து, மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கினார். எங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே விளக்கம் வெளியிட்டு விதியைத் தளர்த்தினார்கள். நட்சத்திர வீரர் பாதிக்கப்பட்டால் விதி எவ்வளவு வேகமாக அசைகிறது, பாருங்கள்!

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குள் ஏழைப் பிள்ளைகள் நுழைந்த வாசல் பெரும்பாலும் இந்தப் பை சுமக்கும் வேலைதான். இந்தியன் ஓபன் போட்டி 1964-இல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். ஆண்டு 1991. டெல்லி கோல்ப் கிளப்பில் கேடியாக இருந்தவர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் வென்ற சின்னசாமி முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவர்தான். மாதச் சந்தா கட்டி, பயிற்சியாளர் வைத்துக் கற்றவர்கள் அல்லர் இவர்கள். பிறர் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். அந்த வேலை தேய்ந்தால் லயத்துப் பையன் மைதானத்துக்குள் போவது எப்படி?

விதியைத் திருப்பு என்று நான் கேட்கவில்லை. நாம் விதியைப் பாதிதான் படிக்கிறோம் என்பதே என் வருத்தம். கொடி குழியில் நிற்கலாம் என்று சொல்லும் அதே 13.2-ஆம் விதி, அதை எடுத்துவிடலாம், வேறொருவரைப் பிடிக்கச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. கேடி செய்யும் தவறுக்குத் தண்டனை கேடிக்கு அல்ல, ஆட்டக்காரருக்குத்தான். ஒருமுறை பந்து போகும் வழியில் மிதித்துவிட்டு, நாள் முழுவதும் நடுங்கிக்கொண்டே நடந்த எனக்கு இது அன்று தெரியாமல் போயிற்று.

நம் குடும்பங்களில் இப்போது பிள்ளைகள் கோல்ப் கற்கிறார்கள். நல்லதே. விடுமுறைக்கு மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய் அவர்கள் ஆட வாய்ப்பு வந்தால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூரக் கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வயதில் மூத்தவர் என்றால் பையனை 'அண்ணே' என்று கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று அவரைக் கேட்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அவரையும் நான்கு பந்து அடிக்கச் சொல்லுங்கள்.