காலக்கெடுவும் கையூட்டும்

ஊழல் என்றவுடன் பெருந்தொகையைச் சுருட்டிய செய்திகளே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஊழலின் வடிவங்கள் பல. பொதுச்சொத்தைத் தனதாக்கிக்கொள்வது ஒரு வகை. தகுதியைப் புறந்தள்ளி உறவினருக்குப் பதவி அளிப்பது மற்றொரு வகை. உரிமையோடு பெறவேண்டிய ஒன்றைத் தருவதற்கே கையூட்டுக் கேட்பது இன்னொரு வகை. எளிய மக்களை நாள்தோறும் வருத்துவது இதுவே ஆகும்.

இவ்வகை ஊழலின் வித்து தாமதம். மைசூருவில் வாழும் கூலித் தொழிலாளி ஒருவர், மகளின் கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கிறார் என்க. அது எந்நாளில் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ‘நாளை வா’ என்னும் சொல் அவருடைய ஒருநாள் கூலியைப் பறிக்கிறது. பலநாள் அலைவதைவிட இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பதே மலிவு என அவர் எண்ணுகிறார். கன்னடம் வாசிக்கத் தெரியாதவராயின், இடைத்தரகரின் பிடி மேலும் இறுகும்.

இத்தாமதத்தைத் தடுக்கக் கர்நாடக அரசு 2011ஆம் ஆண்டு சேவை உறுதிச் சட்டம் இயற்றியது. ‘சகால’ என்னும் பெயரில் 2012 ஏப்ரலில் அது மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கன்னடத்தில் அச்சொல்லுக்கு ‘உரிய காலம்’ என்பது பொருள். சட்டத்தில் இடம்பெற்ற ஒவ்வொரு சேவைக்கும் கெடு வகுக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறுவார். கெடு தவறினால், மேல்முறையீடு செய்து நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். அத்தொகை தவறிழைத்த அலுவலரிடமிருந்தே பெறப்படும். தொகை சிறிதுதான், எனினும், சலுகையாகக் கருதப்பட்டதை அது உரிமையாக மாற்றியது.

‘பணம் கொடுத்தால் வேலை விரைந்து முடிகிறதே, அதில் என்ன தவறு?’ என வினவுவோர் உளர். ஒருவர் முந்தும்போது, கொடுக்க இயலாத மற்றொருவர் பின்தள்ளப்படுகிறார். தாமதித்தால் வருவாய் உண்டு என்பதையும் அலுவலர் கற்றுக்கொள்கிறார். ஆதலால்தான், 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கையூட்டுக் கொடுப்பதையும் குற்றமாக்கியது. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் முறையிட்டால் அவருக்கு விலக்கு உண்டு. கர்நாடகத்தில் அதற்கு லோக் ஆயுக்தா அமைப்பை நாடலாம்.

சட்டம் இருந்தும், அதனை அறியாதவருக்குப் பயன் இல்லை. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கன்னடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகளே. ஒப்புகைச் சீட்டில் உள்ள நாளைப் பெற்றோருக்குப் படித்துக்காட்டும் பிள்ளை இருக்கும் வீட்டில், இடைத்தரகருக்கு வேலை இல்லை.