மாலை போட்டா டோசர் ஓடுமா?



கோயில் பின்னால நிற்கிற பழைய டோசரைப் பத்தித்தான் பேசுறோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம், மாலை போடுறோம், படம் எடுக்கிறோம். மறுநாள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போ "இரும்புக் கடைக்குப் போட்டுடுங்க" என்று ஆலோசனை மட்டும் வாட்ஸ்அப்பில் வருது.

2023 மார்ச் வெள்ளம் மறந்துபோச்சா? குளுவாங் வட்டாரமே தவிச்சது. கோயில் பாதைச் சேற்றைத் தள்ளினது இந்த மெஷின்தான்.

இன்ஜின் இன்னும் ஸ்டார்ட் ஆகுது. மழையில் சும்மா நின்னு ஸ்டீயரிங் கிளட்ச் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. ஒரு பக்கம் திரும்ப மாட்டேங்குது. ட்ராக் செயினும் தளர்ந்துபோச்சு. ஃபேக்டரியில நாங்க தினம் பார்க்கிறதுதான்: ஓடுற மெஷினை விட, கவனிக்காம நிற்கிற மெஷின்தான் சீக்கிரம் கெடும்.

பணம் மட்டும் கேட்கலை. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டோசரைக் கழற்றி மாட்டின அண்ணன்மார் இன்னும் நம்மோட இருக்காங்க. சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லுவாங்க. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. பார்ட்ஸ் தேடித் தர்றவங்க முதல்ல தகட்டில் உள்ள சீரியல் நம்பரைக் குறிச்சுக்குங்க. இல்லாட்டி தப்பான சாமான்தான் வரும். தம்பிகளே, பக்கத்தில் நின்னு ஸ்பானர் எடுத்துக் கொடுங்க, தொழிலைக் கத்துக்குங்க. அந்தக் கைகள் ஓய்ஞ்ச பிறகு யாரைக் கேட்பீங்க?

ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் வேலை ஆரம்பம். பிளேடைத் தரையில் இறக்கின பிறகுதான் யாரும் கிட்ட வரணும்.

மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் ஓடி வர்ற நாம, பாதையைத் திறந்துவிட்ட மெஷினுக்கு ஒரு ஞாயிறு தரக்கூடாதா?